பழைய சஸ்டிபி கோப்பிலிருந்து டபிள்யூசஸ் சர்வரை மீட்டமைத்தல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

அலுவலகக் கணினிகளுக்கு விண்டோஸ் அப்டேட்களைப் பகிரும் டபிள்யூசஸ் (விண்டோஸ் சர்வர் அப்டேட் சர்வீசஸ்) சர்வர் போய்விட்டது. மிஞ்சியது அதன் டேட்டாபேஸான சஸ்டிபியின் தரவு உள்ள சஸ்டிபி.எம்டிஎஃப் கோப்பும், அதிர்ஷ்டம் இருந்தால் கூடவே மாற்றங்களைப் பதியும் சஸ்டிபி_லாக்.எல்டிஎஃப் கோப்பும். இவற்றை வைத்து விண்டோஸ் அப்டேட் சர்வரைத் திரும்ப ஓடவிடும்போது வரும் தடங்கல்களும் அவற்றைத் தீர்க்கும் முறையும் கீழே. கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

## கோப்பைத் தொடும் முன்

இந்தக் கோப்பு உங்களுக்கு உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். அப்டேட்களின் பட்டியல் மைக்ரோசாஃப்டிடமிருந்து எப்போது சிங்க் செய்தாலும் வந்துவிடும். வராதவை இவைதாம்: எந்தக் குழுவுக்கு எந்த அப்டேட்டை அனுமதித்தீர்கள், எதை நிராகரித்தீர்கள், கணினிக் குழுக்கள், தானியங்கி அனுமதி விதிகள், பழைய அறிக்கைகள், நீங்களே பப்ளிஷ் செய்த வெளி நிறுவன அப்டேட்கள். ஒரே குழு, எல்லாமே தானியங்கி அனுமதி என்று ஓடிய சிறு அலுவலகம் என்றால் புதிதாக நிறுவிவிடுங்கள், வேலை சீக்கிரம் முடியும். கான்ஃபிகரேஷன் மேனேஜரின் கீழ் ஓடிய சர்வர் என்றாலும் அப்படியே. அங்கே அனுமதியெல்லாம் கான்ஃபிகரேஷன் மேனேஜர் பக்கம்தான் இருக்கிறது, சஸ்டிபியை மீட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

மீட்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு கோப்பையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, மூலத்தைப் பூட்டி வையுங்கள். பழைய பதிப்புக் கோப்பை ஒருமுறை புதிய எஞ்சினில் (டேட்டாபேஸை ஓட்டும் எஸ்க்யூஎல் மென்பொருளில்) அட்டாச் செய்துவிட்டால், அதாவது இணைத்துவிட்டால், அது புதிய பதிப்புக்கு மாறிவிடும். பிறகு பழைய எஞ்சின் அதைத் திறக்காது. டிஸ்க்கில் கோப்பின் அளவைப் போல இரண்டு மடங்காவது காலி இடம் இருக்கட்டும், ஸ்கீமாவை (டேட்டாபேஸின் அட்டவணை அமைப்பை) மேம்படுத்தும்போது லாக் கோப்பு ஊதிப் பெருக்கும்.

சரியான வரிசை இது. டபிள்யூசஸ் ரோலை (விண்டோஸ் சர்வரில் அந்த வசதியை) மட்டும் சேர்க்கவும், அதை டேட்டாபேஸோடு சேர்த்து அமைக்கும் போஸ்ட்இன்ஸ்டால் கட்டளையை இப்போது ஓட்ட வேண்டாம். விண்டோஸ் அப்டேட்கள் அனைத்தையும் அந்தச் சர்வரில் போட்டு ரீஸ்டார்ட் செய்யவும். டபிள்யூசஸ் சர்வீஸையும், விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்-ஸையும் நிறுத்தவும். சஸ்டிபியை அட்டாச் செய்யவும். கடைசியாக டபிள்யூசஸ்யூட்டில் என்ற கட்டளைக் கருவியில் போஸ்ட்இன்ஸ்டால். கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த வரிசை மாறுவதால் வருபவை.

இரண்டாவது படியைத் தள்ளிப்போடாதீர்கள். 2025 அக்டோபரில் வெளியான சிவிஇ-2025-59287 ஓட்டை, லாகின் எதுவும் இல்லாமலே வெளியாள் டபிள்யூசஸ் சர்வரில் தன் கோடை ஓட்ட வழிவிடுவது. அதற்கான அவசர அப்டேட் அக்டோபர் 23 அன்று வந்தது. அது ஏறும் வரை டபிள்யூசஸ் பயன்படுத்தும் 8530, 8531 போர்ட்களை ஃபயர்வாலில் மூடி வையுங்கள்.

## அறிகுறி: "கோப்பு ஏற்கெனவே இருக்கிறது" என்று போஸ்ட்இன்ஸ்டால் நிற்கிறது

ரோலை நீக்கிவிட்டு அதே சர்வரில் திரும்பச் சேர்த்தவர்களுக்கு வருவது. ரோலை நீக்கினாலும், விண்டோஸோடு வரும் சிறு எஸ்க்யூஎல் எஞ்சினான டபிள்யூஐடி-யின் இடத்தில், அதாவது சி டிரைவில் விண்டோஸ்\டபிள்யூஐடி\டேட்டா ஃபோல்டரில் பழைய சஸ்டிபி கோப்புகள் அப்படியே கிடக்கும். புதிய டேட்டாபேஸை அதே பெயரில் உருவாக்கப் போய் எஸ்க்யூஎல் முட்டிக்கொள்கிறது. பிழை எண் 5170 அல்லது 1802.

அந்தக் கோப்புகளை அழித்துவிட வேண்டாம். நீங்கள் தேடும் பழைய தரவு ஒருவேளை இதுவேதான். டபிள்யூஐடி சர்வீஸை நிறுத்தி, இரண்டையும் வேறு ஃபோல்டருக்கு நகலெடுத்து, பிறகு சர்வீஸைத் தொடங்கி இருந்த இடத்திலிருந்தே அட்டாச் செய்யுங்கள்.

## அறிகுறி: அட்டாச் ஆகவே மாட்டேன் என்கிறது

டபிள்யூஐடி-யுடன் இணைய, எஸ்க்யூஎல் நிர்வாக மென்பொருளான மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவை அதே சர்வரில், "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறக்க வேண்டும். சர்வர் பெயர் கேட்கும் இடத்தில் \\.\பைப்\மைக்ரோசாஃப்ட்##டபிள்யூஐடி\டிஎஸ்க்யூஎல்\க்வெரி. நெட்வொர்க் வழியாக வேறு கணினியிலிருந்து இதற்குள் நுழைய முடியாது. லாகினே 18456 என்று விழுந்தால் பெரும்பாலும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

### பிழை 5120, ஆக்சஸ் டினைட்

கோப்பை டெஸ்க்டாப்பிலிருந்து டேட்டா ஃபோல்டருக்கு "மூவ்" செய்திருப்பீர்கள். ஒரே டிரைவுக்குள் மூவ் செய்தால் கோப்பு தன் பழைய உரிமைகளையே சுமந்துகொண்டு வரும். காப்பி செய்தால் புதிய ஃபோல்டரின் உரிமைகளை ஏற்கும். எனவே அழித்துவிட்டு நகலிலிருந்து காப்பி செய்து பாருங்கள், பல நேரம் அதோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் கோப்பின் செக்யூரிட்டி டேபில் என்டி சர்வீஸ்\எம்எஸ்எஸ்க்யூஎல்$மைக்ரோசாஃப்ட்##டபிள்யூஐடி என்ற கணக்குக்கு முழு உரிமை கொடுங்கள். பெயரைத் தேடும் பெட்டியில் "லொக்கேஷன்" டொமைனில் நிற்கும். அதை அந்தச் சர்வரின் பெயருக்கு மாற்றாவிட்டால் இந்தக் கணக்கு கிடைக்காது. கூடவே, ஜெனரல் டேபில் "ரீட்-ஒன்லி" டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். டேட்டாபேஸ் படிக்க மட்டும் என்ற நிலையில் அட்டாச் ஆனால் போஸ்ட்இன்ஸ்டால் 3906 சொல்லி நிற்கும்.

### பிழை 948, பதிப்பு பொருந்தவில்லை

கோப்பு புதியது, எஞ்சின் பழையது. பிழைச் செய்தியிலேயே இரண்டு எண்கள் இருக்கும். 611 என்றால் எஸ்க்யூஎல் 2005, 655 அல்லது 661 என்றால் 2008 குடும்பம், 706 என்றால் 2012, 782 என்றால் 2014, 852 என்றால் 2016, 869 என்றால் 2017, 904 என்றால் 2019, 957 என்றால் 2022. அட்டாச் செய்யாமலே எண்ணைப் பார்க்க டிபிசிசி செக்பிரைமரிஃபைல் கட்டளையில் கோப்பின் பாதையையும் 2 என்ற எண்ணையும் கொடுங்கள். பெயர், பதிப்பு, கொலேஷன் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) மூன்றும் வரும். எதையும் முயலும் முன் இதை ஓட்டிவிடுவது நல்லது.

கீழிறக்க வழியே கிடையாது. கோப்பின் எண்ணுக்குச் சமமான அல்லது மேலான எஞ்சினைத் தேடுங்கள். பழைய சர்வர் தனி எஸ்க்யூஎல் 2019-இல் ஓடியிருந்தால் புதிய சர்வரின் டபிள்யூஐடி அதை ஏற்காது, அங்கேயும் எஸ்க்யூஎல் 2019 போட வேண்டியதுதான். எக்ஸ்பிரஸ் பதிப்பு போதும் என்று எண்ணும் முன் கோப்பின் அளவைப் பாருங்கள், 2019 எக்ஸ்பிரஸில் தரவுக்கு 10 ஜிபி வரைதான் இடம்.

### லாக் கோப்பு இல்லை, அல்லது பொருந்தவில்லை: 1813, 5173, 9004

எம்டிஎஃப் மட்டும் இருந்தால் முதல் முயற்சி, கிரியேட் டேட்டாபேஸ் கட்டளையில் "ஃபார் அட்டாச்_ரீபில்ட்_லாக்". பழைய சர்வர் முறையாக நிறுத்தப்பட்டிருந்தால் இதிலேயே எழுந்துவிடும்.

மின்சாரம் போய் விழுந்த சர்வர் என்றால் எழாது. அப்போது செய்ய வேண்டியது இது, ஆனால் கோப்பு எந்தப் பதிப்பில் ஓடியதோ அதே பதிப்பு எஞ்சினில் மட்டும். முறையாக மூடப்படாத டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு உயர்த்த எஸ்க்யூஎல் சம்மதிக்காது.

1. சஸ்டிபி என்ற பெயரில், அதே கோப்புப் பெயர்களோடு காலி டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கவும்.
2. எஞ்சின் சர்வீஸை நிறுத்தி, காலி எம்டிஎஃப்-இன் இடத்தில் உங்கள் எம்டிஎஃப் நகலை வைக்கவும். காலி எல்டிஎஃப்-ஐ அழிக்கவும்.
3. சர்வீஸைத் தொடங்கவும். டேட்டாபேஸ் "சஸ்பெக்ட்" அல்லது "ரெக்கவரி பெண்டிங்" காட்டும். அப்படித்தான் காட்ட வேண்டும்.
4. ஆல்டர் டேட்டாபேஸ் கொண்டு எமர்ஜென்சி நிலைக்கும், பிறகு சிங்கிள் யூசர் நிலைக்கும் மாற்றவும்.
5. டிபிசிசி செக்டிபி-யை ரிப்பேர்_அலவ்_டேட்டா_லாஸ் சேர்த்து ஓட்டவும்.
6. பிழையில்லை என்று வந்ததும் மல்ட்டி யூசர் நிலைக்குத் திருப்பவும்.

இரண்டாம் படியில் மூலக் கோப்பை வைத்துவிடாதீர்கள். ஐந்தாம் படி பெயரிலேயே சொல்வதுபோலத் தரவை இழக்கத் தயங்காதது.

### 5171, 823, 824: கோப்பே பழுது

5171 என்றால் கோப்பின் தலைப்பகுதி போய்விட்டது. 823, 824 என்றால் உள்ளே பக்கங்கள் கெட்டிருக்கின்றன. முதலில் மூல டிஸ்க்கிலிருந்து இன்னொரு முறை நகலெடுங்கள், நகலெடுக்கும்போது கெட்டதாகவும் இருக்கலாம். அளவு 8 கேபி-யின் மடங்காக இல்லாத எம்டிஎஃப் பாதியில் அறுந்த நகல்.

செக்டிபி-யை ரிப்பேர் இல்லாமல் ஓட்டி, பிழை வரிகளில் வரும் இன்டெக்ஸ் ஐடி-யைப் பாருங்கள். 2-உம் அதற்கு மேலும் மட்டும் என்றால் கவலை இல்லை, அந்த இன்டெக்ஸை டிசேபிள் செய்து ரீபில்ட் செய்தால் தரவு எதுவும் போகாது. 0 அல்லது 1 என்றால் அட்டவணையே அடிபட்டிருக்கிறது. அந்நிலையில் ரிப்பேர் முடிந்து எழுந்தாலும் அந்த டேட்டாபேஸில் சர்வரை ஓட்டுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம், ஆறு மாதம் கழித்து க்ளீனப்பில் (வேண்டாத பழைய அப்டேட்களை நீக்கும் வேலையில்) விழும். எழுந்த வரை வேறு பெயரில் அட்டாச் செய்து, பப்ளிக்_வியூஸ் ஸ்கீமாவில் உள்ள வி-அப்டேட்அப்ரூவல், வி-கம்ப்யூட்டர்டார்கெட் போன்ற வியூக்களிலிருந்து அனுமதிப் பட்டியலையும் கணினிப் பட்டியலையும் சிஎஸ்வி-யாக எடுத்துக்கொண்டு, சர்வரைப் புதிதாக நிறுவி அந்தப் பட்டியலைப் பார்த்து அனுமதியுங்கள்.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: டிஸ்க் சத்தமிட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டித்து டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள், மேலும் மேலும் நகலெடுக்க முயல வேண்டாம். ஆனால் தணிக்கைக்காகப் பழைய அறிக்கைகள் கட்டாயம் வேண்டும் அல்லது நீங்களே பப்ளிஷ் செய்த அப்டேட்கள் உள்ளே இருக்கின்றன என்றால்தான் அந்தச் செலவு தகும். வெறும் அனுமதிப் பட்டியலுக்காகத் தகாது.

## அறிகுறி: அட்டாச் ஆகிவிட்டது, போஸ்ட்இன்ஸ்டால் தோற்கிறது

திரையில் "ஃபேட்டல் எரர்" என்று ஒரு வரிதான் வரும். அதே இடத்தில் லாக் கோப்பின் பாதையும் இருக்கும், உங்கள் டெம்ப் ஃபோல்டரில் டிஎம்பி என்று முடிவது. காரணம் அதன் கடைசிச் சில வரிகளில்.

டேட்டாபேஸின் ஸ்கீமா சர்வரைவிடப் புதியது என்று சொன்னால், பழைய சர்வர் உங்கள் புதிய சர்வரைவிட அதிக அப்டேட் வாங்கியிருந்தது என்று பொருள். சமீபத்திய கியூமுலேட்டிவ் அப்டேட்டைப் போட்டு ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஓட்டுங்கள். விண்டோஸ் சர்வர் 2022-இன் கோப்பை 2016-க்குக் கொண்டுவந்திருந்தால் அப்டேட்டால் தீராது, சர்வர் பதிப்பை மாற்றுங்கள்.

விண்டோஸ் சர்வர் 2012 மற்றும் 2012 ஆர்2-இல் மட்டும் இன்னொன்று: கேபி3159706 போட்ட பிறகு போஸ்ட்இன்ஸ்டாலை "/சர்வீசிங்" சேர்த்து ஓட்ட வேண்டும். டாட்நெட் 4.5-இன் கீழ் டபிள்யூசிஎஃப் பிரிவில் உள்ள எச்டிடிபி ஆக்டிவேஷனையும் இயக்க வேண்டும். செய்யாவிட்டால் டபிள்யூசஸ் கன்சோல் (நிர்வாகத் திரை) திறக்காது.

உரிமை இல்லை என்று சொன்னால் டேட்டாபேஸின் உரிமையாளர் பழைய சர்வரின் கணக்காக இருக்கும். ஆல்டர் ஆதரைசேஷன் கட்டளையால் சஸ்டிபியின் உரிமையை எஸ்ஏ-வுக்கு (எஸ்க்யூஎல்-இன் நிர்வாகிக் கணக்குக்கு) மாற்றுங்கள்.

டபிள்யூஐடி-யிலிருந்த கோப்பைத் தனி எஸ்க்யூஎல்-க்கு மாற்றுபவர்கள் ரெஜிஸ்ட்ரியில் அப்டேட் சர்வீசஸ்\சர்வர்\செட்டப் கீழே எஸ்க்யூஎல்சர்வர்நேம் மதிப்பையும், அதனுள் இன்ஸ்டால்டு ரோல் சர்வீசஸ் கீழே அப்டேட்சர்வீசஸ்-விட்டேட்டாபேஸ் என்றிருப்பதை அப்டேட்சர்வீசஸ்-டேட்டாபேஸ் என்றும் மாற்ற வேண்டும். இரண்டாவதை மறப்பவர்கள் நிறைய.

விண்டோஸ் சர்வர் 2008 காலத்து டபிள்யூசஸ் 3.0 கோப்பு என்றால் நேரே 2022-க்குத் தாவாதீர்கள். ஒரு வெர்ச்சுவல் மெஷினில் 2012 ஆர்2 ஏற்றி, அங்கே போஸ்ட்இன்ஸ்டால் முடித்து, அதன் சஸ்டிபியை டிடாச் செய்து புதியதுக்குக் கொண்டுபோங்கள். ஒரு நாள் கூடுதல் வேலை. ஆனால் எங்கே பிழை வந்தது என்று தெரியும்.

## அறிகுறி: சர்வீஸ் ஓடுகிறது, கன்சோல் இணையவில்லை (நிகழ்வு எண் 7032)

எளிதானதிலிருந்து வாருங்கள். கன்சோலை மூடி, உங்கள் ஆப்டேட்டா ரோமிங்கில் மைக்ரோசாஃப்ட்\எம்எம்சி ஃபோல்டரில் உள்ள டபிள்யூசஸ் என்ற கோப்பை அழித்துத் திரும்பத் திறங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் ஐஐஎஸ் மேனேஜரில் டபிள்யூசஸ்பூல் (டபிள்யூசஸின் வெப் சர்வீஸ்களை ஓட்டும் பூல்) நின்றிருக்கிறதா என்று பாருங்கள். பழைய சஸ்டிபி கனமானது. பூலின் இயல்பான நினைவக வரம்பு 18,43,200 கேபி, முதல் நாளே எல்லாக் கணினிகளும் ஒன்றாக வந்து மோதும்போது அதைத் தாண்டி பூல் விழுந்துவிடும், கிளையன்ட்களுக்கு 503 (சேவை இல்லை) என்ற பிழை போகும். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் பிரைவேட் மெமரி லிமிட் 0, க்யூ லெங்த் 2000, ஐடில் டைம்அவுட் 0, ரெகுலர் டைம் இன்டர்வல் 0, பிங் எனேபிள்டு ஃபால்ஸ். நினைவகம் 8 ஜிபி-க்குக் குறைவான சர்வரில் வரம்பை 0 ஆக்குவதைவிட 4 ஜிபி என்று கட்டிவைப்பது பாதுகாப்பு.

பூல் ஓடுகிறது, ஆனால் அப்ளிகேஷன் லாகில் 12002, 12012, 12022, 12032, 12042, 12052 என்று வரிசையாகச் சிவப்பு வருகிறது என்றால் வெப் சர்வீஸ்களால் டேட்டாபேஸுக்குள் நுழைய முடியவில்லை. சஸ்டிபியின் யூசர்களில் என்டி அத்தாரிட்டி\நெட்வொர்க் சர்வீஸ் இருக்கிறதா, அதற்கு வெப்சர்வீஸ் என்ற ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே "பழையசர்வர்\டபிள்யூசஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்" என்று இறந்துபோன சர்வரின் பெயரோடு ஒரு யூசர் நிற்கும். அது இனி யாரையும் குறிக்காது. புதிய சர்வரின் அதே பெயர்க் குழுவை லாகினாகச் சேர்த்து, பழையவருக்கு இருந்த ரோல்களைக் கொடுங்கள். முடிந்ததும் டபிள்யூசஸ்யூட்டில் செக்ஹெல்த் ஓட்டினால் லாகில் 10000 வர வேண்டும்.

## அறிகுறி: அனுமதித்த அப்டேட் இருக்கிறது, கோப்பு இல்லை (364, 10032, 12072)

கன்டென்ட் ஃபோல்டரின் பாதை மூன்று இடங்களில் எழுதியிருக்கிறது: டேட்டாபேஸுக்குள், ரெஜிஸ்ட்ரியின் கன்டென்ட்டிர் மதிப்பில், ஐஐஎஸ்-இல் கன்டென்ட் என்ற வர்ச்சுவல் டைரக்டரியில். பழைய சர்வரில் இ டிரைவ், புதியதில் டி டிரைவ் என்றால் இவை முரண்படும். கையால் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டாம். டபிள்யூசஸ்யூட்டில் மூவ்கன்டென்ட் கட்டளையில் புதிய பாதை, ஒரு லாக் கோப்பின் பெயர், கடைசியில் "-ஸ்கிப்காப்பி" கொடுத்தால் சரிசெய்துவிடும். ஃபோல்டரில் நெட்வொர்க் சர்வீஸுக்கு முழு உரிமை இருக்க வேண்டும், இல்லையென்றால் 12072 போகாது.

பழைய டபிள்யூசஸ்கன்டென்ட் ஃபோல்டர் மீண்டிருந்தால் அதை இந்த இடத்தில் வைத்துவிட்டு டபிள்யூசஸ்யூட்டில் ரீசெட் ஓட்டுங்கள். கட்டளை உடனே முடிந்ததுபோலத் தோன்றும், வேலை பின்னணியில் மணிக்கணக்கில் நடக்கும். இல்லாத கோப்புகள் எல்லாவற்றையும் திரும்ப இறக்கும் என்பதால் புதியது வந்ததால் தேவையற்றுப்போன பழைய அப்டேட்களை ரீசெட்டுக்கு முன் நிராகரித்துவிடுங்கள். வரிசை மாறினால் யாருக்கும் வேண்டாத நூற்றுக்கணக்கான ஜிபி இறங்கும்.

விண்டோஸ் 11-இன் அப்டேட்கள் மட்டும் கிளையன்ட்டுக்குப் போகவில்லை என்றால் ஐஐஎஸ்-இன் மைம் டைப்பில் (கோப்பு வகைப் பட்டியலில்) .டபிள்யூஐஎம், .எம்எஸ்யூ இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2023 மார்ச்சிலிருந்து இவை தேவை.

## அறிகுறி: சிங்க் தோற்கிறது, சோப் எக்ஸெப்ஷன்

பழைய கோப்புக்கே உரிய சிக்கல் இது. 2020 ஜூலைக்கு முன் நிறுவிய பல டபிள்யூசஸ்களில் சிங்க் முகவரி எஃப்இ2.அப்டேட்.மைக்ரோசாஃப்ட்.காம்/வி6 என்று டேட்டாபேஸில் பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் அதை மூடிவிட்டது. சர்வர் புதிதாக இருந்தும் கோப்போடு பழைய முகவரி வந்துவிடுகிறது.

பவர்ஷெல்லில் கெட்-டபிள்யூசஸ்சர்வர் எடுத்து, கெட்கான்ஃபிகரேஷனில் எம்யூயூஆர்எல் மதிப்பைப் பாருங்கள். எச்டிடிபிஎஸ்://எஸ்டபிள்யூஎஸ்.அப்டேட்.மைக்ரோசாஃப்ட்.காம் என்று மாற்றி சேவ் செய்து, ஐஐஎஸ்-ஐயும் டபிள்யூசஸ் சர்வீஸையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன் பிறகும் தோற்றால் பழைய ப்ராக்ஸி முகவரி ஆப்ஷன்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, டிஎல்எஸ் 1.2 அணைந்திருக்கிறதா என்ற வரிசையில் போங்கள். ஃபயர்வாலில் எச்டிடிபிஎஸ் இன்ஸ்பெக்ஷன் இருந்தால் இந்த முகவரிக்கு விலக்கு வேண்டும், அது நெட்வொர்க் குழுவின் வேலை.

## அறிகுறி: கிளையன்ட் கணினிகள் வரவில்லை

0x8024402சி என்றால் பெயர் கிடைக்கவில்லை: டிஎன்எஸ் அல்லது குரூப் பாலிசியில் பழைய பெயர். 0x80072இஇ2 என்றால் போர்ட் எட்டவில்லை. 0x80244022 என்றால் 503, மேலே பூல் பகுதிக்குப் போங்கள். 0x8024401சி என்றால் சர்வர் மெதுவாக இருக்கிறது, கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

2008 காலத்துச் சர்வரிலிருந்து வருபவர்கள் போர்ட்டை மறந்துவிடுகிறார்கள். அப்போது இயல்பான போர்ட் 80, 2012 முதல் 8530. குரூப் பாலிசியில் அப்டேட் சர்வர், புள்ளிவிவர சர்வர் என்ற இரண்டு பெட்டியிலும் :8530 சேர்க்க வேண்டும். கிளையன்ட்டின் பிரவுசரில் சர்வர் பெயர்:8530/கிளையன்ட்வெப்சர்வீஸ்/கிளையன்ட்.ஏஎஸ்எம்எக்ஸ் திறந்தால் பாதை சரி.

பழைய சர்வரும் இன்னும் எங்கோ உயிரோடு இருந்தால் இரண்டுக்கும் ஒரே சர்வர் ஐடி இருக்கும். பவர்ஷெல்லில் கான்ஃபிகரேஷனின் சர்வர்ஐடி-க்குப் புதிய கைட் (தனித்த அடையாள எண்) கொடுத்து சேவ் செய்து, போஸ்ட்இன்ஸ்டாலை இன்னொரு முறை ஓட்டுங்கள். நாற்பது கணினி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வரி பெயர் மாறி மாறித் தெரிந்தால் அது க்ளோன் செய்த இமேஜின் வேலை. அந்தக் கணினிகளில் சஸ்கிளையன்ட்ஐடி, சஸ்கிளையன்ட்ஐடிவேலிடேஷன் இரண்டையும் ரெஜிஸ்ட்ரியிலிருந்து நீக்கி, அப்டேட் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

## அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, ஆனால் கன்சோல் "ரீசெட் சர்வர் நோட்" காட்டுகிறது

வருடக்கணக்கில் க்ளீனப் காணாத சஸ்டிபி. நேரே க்ளீனப் விசார்டை ஓட்டினால் அதுவும் டைம்அவுட்டில் விழும். முதலில் இரண்டு இன்டெக்ஸ் சேர்க்கவும்: டிபிலோக்கலைஸ்டுப்ராப்பர்ட்டிஃபார்ரிவிஷன் அட்டவணையில் லோக்கலைஸ்டுப்ராப்பர்ட்டிஐடி மீது ஒன்று, டிபிரிவிஷன்சூப்பர்சீட்ஸ்அப்டேட் அட்டவணையில் சூப்பர்சீடட்அப்டேட்ஐடி மீது ஒன்று. அடுத்து எல்லா இன்டெக்ஸ்களையும் ரீபில்ட் செய்து ஸ்டாட்டிஸ்டிக்ஸ் புதுப்பிக்கவும். அதன் பிறகு எஸ்பிகெட்அப்சலீட்அப்டேட்ஸ்டுக்ளீனப் தரும் எண்களை ஒவ்வொன்றாக எஸ்பிடிலீட்அப்டேட்டுக்குக் கொடுத்து நீக்கவும். இன்டெக்ஸ் இல்லாமல் ஒரு அப்டேட்டை நீக்கவே நிமிடங்கள் ஆகும். இருந்தால் ஒரு சில விநாடி.

நீக்க வேண்டிய பட்டியல் ஆயிரக்கணக்கில் போனால் இரவில் விட்டு, லாக் கோப்பு டிஸ்க்கை நிரப்புகிறதா என்று நடுவில் பாருங்கள். இரண்டு இரவு ஓடியும் பட்டியல் குறையவே இல்லை, அல்லது ஓடும் நடுவில் 824 வந்தது என்றால் நிறுத்திவிடுங்கள். அனுமதிப் பட்டியலை சிஎஸ்வி-யாக எடுத்துக்கொண்டு காலி சஸ்டிபியோடு புதிதாக நிறுவுவது அந்தக் கட்டத்தில் மலிவு.